டிக்-டாக் கிளிப்பும் மூன்று ராத்திரியும்

மகளுக்குத் தினமும் தலையில் மாட்டிவிடுகிற டிக்-டாக் கிளிப்பைக் கணினியில் 'டிக்' சொல்ல வைக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

மெல்லிய தகடு பொல்லாதது. தடிமனைப் பாதியாக்கினால் இழுவையைத் தாங்கும் விறைப்பு பாதியாகும். வளைவைத் தாங்கும் விறைப்போ எட்டில் ஒன்றாகிவிடும். கிளிப்பில் இன்னொரு குசும்பு: தட்டையாக வெட்டிய தகட்டின் இரண்டு கால்களையும் நெருக்கி ரிவெட் அடித்திருப்பார்கள். அந்த இறுக்கத்தில்தான் அது குவிந்து நிற்கிறது. ஆகவே முதல் படியில் அந்த நெருக்கலையே கணக்கிட வேண்டும்.

மெல்லிய தகட்டுக்கான ஷெல் எலிமென்ட் போட்டேன். அபாகஸ் மென்பொருளில், பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் 'என்எல்ஜியாம்' என்ற சொடுக்கையும் மறக்கவில்லை. (மறந்தாலும் விடை வரும், தப்பாக!) பிறகு விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பாதி வழியில் படிகள் சுருங்கிச் சுருங்கி, 'விடை குவியவில்லை' என்று நின்றது.

எலிமென்ட் வலையை, அதாவது மெஷ்ஷைத் திட்டினேன். பாவம், அது என்ன செய்யும்? புரளும் கணத்தில் விறைப்பு பூஜ்யமாகி, எதிர்மறைக்கும் போகிறது. அங்கே விசையை இன்னும் ஏற்றச் சொன்னால் பக்கத்தில் சமநிலையே கிடையாது. 1979இல் ரிக்ஸ் என்பவர் எழுதிய முறை இதற்குத்தான். விசையையும் தெரியாத கணியமாக வைத்துக்கொண்டு, சமநிலைப் பாதையின் வில்நீளத்தை அளந்து நடப்பது. விசை இறங்க வேண்டுமென்றால் இறங்கட்டும்.

மூன்றாம் ராத்திரி விசையின் வரைகோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

"இதுக்கா?" என்றாள். தலைமாட்டிலிருந்த கிளிப்பை எடுத்து ஒரு 'டிக்', ஒரு 'டாக்'. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.