மணலுக்கு அடியில் பாதிப் பாலம்

பாலாறு என்றால் எங்கள் ஊர்ப் பசங்களுக்கு ஆறு கிடையாது, கிரிக்கெட் கிரவுண்டு. பந்து தண்ணியில் போய்விட்டது என்று ஒரு நாளும் ஆட்டம் நின்றதில்லை :-) அப்படிப்பட்ட ஆற்றில் 2021 நவம்பரில் கரை முட்டத் தண்ணி வந்தது. 1903க்கு அப்புறம் இப்படி ஒரு வெள்ளம் வரவில்லை என்று பேப்பரில் எழுதினார்கள். ஊரே குடும்பத்தோடு போய் நின்று பார்த்தது. சில பேர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள்.

அந்தத் தண்ணிதான் மாதனூர் - உள்ளி தரைப்பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் மாதனூர். அங்கே பாலாற்றைத் தாண்டினால் உள்ளி, அப்படியே போனால் குடியாத்தம். நாங்கள் இருப்பது உள்ளிப் பக்கம். அம்மா வேலை செய்வது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். தரைப்பாலம் இருந்தவரை வேன் ஆற்றைத் தாண்டி நேராகப் போய்விடும். அது போனதும் பள்ளிகொண்டா சுற்றித்தான் போகணும். அம்மா நாலரை மணிக்கே எழுந்து சோறு வடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஒரு நாள் லேட்டாகப் போனாலும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

நான் அப்போது பிளஸ் ஒன். 'அவ்வளவு கனமான காங்கிரீட்டை வெறும் தண்ணி எப்படிப் புரட்டும்?' என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது. இப்போது சிவில் படிக்கிறேன், பதில் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

பாலம் என்றதும் எல்லோரும் மேலே போகிற பஸ், லாரியின் பாரத்தைத்தான் நினைப்போம். ஆற்றுப் பாலத்துக்குப் பெரிய எதிரி கீழே இருக்கிறது. ஓடுகிற தண்ணி தூணில் மோதினால் ஒரு பங்கு அப்படியே கீழ்நோக்கிப் பாயும். பாய்ந்து, தூணின் காலடியில் சுழன்று மணலைத் தோண்டும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியில் மண் நழுவுமே, அதேதான். இதற்கு அரிப்பு என்று பெயர். இதில் மோசமான விஷயம், வெள்ளம் வடியும்போது அந்தக் குழி மறுபடி இளமணலால் மூடிக்கொள்ளும். மேலே நின்று பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

தரைப்பாலத்தின் கதை இன்னும் சுலபம். அடியில் இருக்கிற குழாய்களைச் செடி கொடி, மரக்கிளை எல்லாம் வந்து அடைத்துவிட்டால் பாலம் அணையாகிவிடும். தண்ணி மேலேறி அந்தப் பக்கம் அருவி மாதிரி விழும். விழுகிற இடத்தில் மண் கரையும். கடைசியில் காங்கிரீட் அந்தரத்தில் தொங்கி, தன் கனத்திலேயே உடையும்.

இது தெரிந்துதான் பழைய ஆட்கள் கிணற்று அடித்தளம் போட்டார்கள். நம் ஊர் உறைகிணறு இறக்குகிற அதே வித்தை. செங்கல் வளையத்தை மணலில் வைத்து, உள்ளே இருக்கிற மணலை அள்ள அள்ள அது தன் பாரத்தில் இறங்கும். மேலே இன்னும் கட்டுவார்கள், இன்னும் இறங்கும். போதிய ஆழம் போனதும் உள்ளே நிரப்பி மூடி, அதன் மேல் தூண். தாஜ்மகாலே இப்படிக் கிணறுகள் மேல்தான் நிற்கிறது. எவ்வளவு ஆழம் போதும் என்பதற்கு லேசி என்ற இன்ஜினியர் இந்தியக் கால்வாய்களை வைத்து 1930 வாக்கில் ஒரு சூத்திரம் கொடுத்தார். அதன்படி வெள்ளம் 8 மடங்கானால் அரிப்பு ஆழம் 2 மடங்காகும். தூண் இருக்கிற இடத்தில் அந்த ஆழத்தை இரட்டிப்பாக்கி, அதற்கும் கீழே அடித்தளத்தை இறக்கணும் என்பது நம் நாட்டு விதி. ஆக, நாம் பார்க்கிற பாலத்துக்குச் சமமாக மணலுக்கு அடியிலும் ஒரு பாலம் இருக்கிறது.

அந்த மணலைத்தான் நாம் லாரி லாரியாக அள்ளி விற்றோம். கிணற்றை இறுக்கிப் பிடித்திருப்பதே மணல்தான். அது போன பிறகு வெள்ளத்துக்கு வேலை சுலபம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் ரயில் பாதையைத் தின்றுவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1987ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் இதே அரிப்பில் விழுந்து 10 பேர் போனார்கள். 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தின் 1928ஆம் வருஷத்து இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. பக்கத்தில் புதுப்பாலம் வந்து, பழையதில் வண்டி போவதை நிறுத்தியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இங்கேயும் வெள்ளம் வந்து ஒரு மாதம் கழித்துத்தான் அடுத்த அதிர்ச்சி. 2021 டிசம்பர் 23 அன்று திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூண்களில் கோளாறு கண்டுபிடித்து, வண்டிகளை நிறுத்தினார்கள். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, மேற்கே நீண்டு இந்த ஆற்றைத்தான் தாண்டுகிறது. அன்றைக்கு ஊருக்குப் போக முடியாமல் எத்தனையோ பேர் திட்டியிருப்பார்கள். நான் திட்டமாட்டேன். யாரோ ஒருவர் குனிந்து கீழே பார்த்திருக்கிறார். அரியலூரில் அந்த ராத்திரி அப்படி ஒருவர் பார்த்திருந்தால்?

இதையெல்லாம் போன லீவில் அம்மாவிடம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிடா. ஆத்துல தண்ணி வரணும்னு வருஷம் பூரா வேண்டிக்கிறோம். வந்தா நான் வேலைக்குப் போகவும் வழி இருக்கணும். அதுக்கு உன் படிப்புல ஏதாச்சும் சொல்லியிருக்கா?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கும்மா. ஆழமா இறக்கணும், உயரமாக் கட்டணும், மணலைத் தொடக்கூடாது. முதல் ரெண்டுக்கும் பணம் போதும். மூணாவதுக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.