தீயின்றி முளைக்காத மரம்

பிள்ளைகளைத் துன்பம் தீண்டாமல் வளர்ப்பதே பெற்றோரின் தலையாய கடமை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை அசைத்துவிட்ட ஒரு மலைப்பயணத்தைக் குறித்து நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகரில் வாழும் எங்கள் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். "உலகிலேயே மிகப் பெரிய மரங்களைப் பார்த்து வருவோம், புறப்படுங்கள்" என்றான் மகன். மருமகளுக்கு அலுவலகம் இருந்தது. ஆகவே மகன், எட்டு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் என நால்வரும் விடியற்காலையில் காரில் கிளம்பினோம்.

வழிநெடுக வாதுமைத் தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும் பரந்து கிடந்தன. அச்சமவெளியில் ஓடும் ஆற்றின் பெயர் சான் வாக்கீன். அன்னை மரியாளின் தந்தையாகிய புனித சுவக்கினின் பெயர் அது. மலையிலிருந்து இறங்கிவரும் மற்றோர் ஆற்றுக்கு, அங்கு வந்த ஸ்பானியர் 'திருவரசர்களின் ஆறு' என்று பெயரிட்டனர். குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசர்களின் நினைவு அது. 'கிங்ஸ் கேன்யன்' தேசியப் பூங்காவின் பெயர் அந்த ஆற்றிலிருந்தே வந்தது என்று அறிந்தபோது, அயல்நாட்டில் அறிமுகமான முகத்தைக் கண்டாற்போல் மகிழ்ந்தோம்.

ஃபிரெஸ்னோ நகரைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறத்தொடங்கியது. ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் குளிர்காற்று முகத்தில் மோதிற்று. செக்வோயா என்னும் அம்மரங்களை அங்கேதான் முதன்முதலில் கண்டோம். இலவங்கப்பட்டை நிறத்தில் அடிமரம். அண்ணாந்து பார்த்தாலும் நுனி தெரியவில்லை. 'ஜெனரல் கிராண்ட்' என்னும் மரத்தின் உயரம் 268 அடி. 1926-ஆம் ஆண்டு 'நாட்டின் கிறிஸ்துமஸ் மரம்' என்று அறிவிக்கப்பட்டது அதுவே. இத்துணைப் பெரிய மரத்தின் காய் கோழிமுட்டை அளவினது. விதையோ அவலைப் போன்று மெல்லியது!

அன்றிரவு பூங்கா விடுதியில் தங்கினோம். பேத்தி உறங்கிய பின், "வேலை நாள்களில் இவ்வளவு விடுப்பு எப்படித் தம்பி கிடைத்தது?" என்று அவன் தாய் கேட்டாள். மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வேலை போய் ஏழு மாதங்கள் ஆகின்றன, அம்மா" என்றான்.

திடுக்கிட்டோம். மாதந்தவறாமல் எங்களுக்குப் பணம் அனுப்பி வந்தானே! "எங்களிடம் ஏனப்பா சொல்லவில்லை?" என்று சற்றுக் கடிந்தே கேட்டோம். அவன் அமைதியாக, "பாட்டி இறந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை, அப்பா?" என்றான்.

எங்களிடம் மறுமொழி இல்லை. 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவன் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். அவனைத் தோளில் சுமந்து வளர்த்த பாட்டி கண்மூடினார். தேர்வு கெடுமே என்றஞ்சி மறைத்தோம். அடக்கம் முடிந்து பன்னிரண்டாம் நாள் வீடு வந்தவனைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று மெழுகுதிரி ஏற்றச் சொன்னோம். அவன் அழவில்லை. தாங்கிக்கொண்டான் என்று அன்று எண்ணினோம்.

மறுநாள் ஒரு மணி நேரப் பயணத்திற்குப் பின் செக்வோயா தேசியப் பூங்காவின் பெருமரக் காட்டை அடைந்தோம். 'ஜெனரல் ஷெர்மன்' அங்கே நிற்கிறது. பருமனளவில் உலகின் மிகப் பெரிய மரம் இதுவே. உயரம் 275 அடி. அடிச்சுற்று ஏறத்தாழ 103 அடி. அகவை 2,200 ஆண்டுகள் என மதிப்பிடுகின்றனர். நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறந்தபோது இம்மரம் ஏற்கெனவே நிமிர்ந்து நின்றிருக்கும்.

காட்டில் கருகிய மரங்கள் சிலவற்றைக் கண்டு வருந்திய எங்களுக்குப் பூங்காக் காவலர் ஒருவர் விளக்கினார். இரண்டடி வரை தடிப்புள்ள பட்டை இம்மரங்களைச் சிறு தீயிலிருந்து காக்கிறது. காய்களோ பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் தொங்கும். கீழே எரியும் தீயின் வெப்பம் ஏறியதும் அவை விரிந்து, சாம்பல் படிந்த மண்ணில் விதைகளைப் பொழியும். தீ புதரை அழித்து வெயிலுக்கு வழிவிடுவதால் கன்றுகள் எழும். முன்பு அங்கு வாழ்ந்த பழங்குடியினர் தாமே சிறு தீ மூட்டிக் காட்டைப் பேணினர்.

1890-இல் பூங்கா அமைந்தது. பின்னர் நெடுங்காலம், மரங்கள் மீதுள்ள அன்பினாலேயே எல்லாத் தீயையும் அணைத்தார்கள். விளைவு? இளங்கன்றுகள் அருகின, சருகும் புதரும் குவிந்தன. சான் ஹோசேயின் பேராசிரியர் ரிச்சர்டு ஹார்ட்ஸ்வெல்ட் முதலானோர் 1960-களில் இதனை ஆராய்ந்து உரைத்த பின்பே, திட்டமிட்டுச் சிறு தீ மூட்டும் முறை தொடங்கிற்று. ஆயினும் குவிந்தது மிகுதி. வறட்சியும் வெப்பமும் சேர, 2020, 2021 ஆண்டுகளின் பெருந்தீக்களில் உலகின் பெரிய செக்வோயா மரங்களில் நூற்றுக்கு 13 முதல் 19 வரை மடிந்தன. ஷெர்மன் மரத்தின் அடியையே அலுமினியத் தகட்டுறையால் சுற்றிக் காக்க நேர்ந்தது.

காவலர் அகன்ற பின் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மரத்தடியிலிருந்த இருக்கையில் மகனை அமர்த்தி, "பாட்டியின் காரியத்தில் நாங்கள் செய்தது தவறு தம்பி, மன்னித்துவிடு" என்றோம். இருபது ஆண்டுகளாக அடக்கிய கண்ணீர் அப்போதுதான் வெளிவந்தது. நாங்களும் ஒன்றை ஒப்புக்கொண்டோம். முந்திய ஆண்டு எங்களுள் ஒருவருக்கு இதயக்குழாய் அடைப்பு நீக்கப்பட்டதை அவனுக்கு மறைத்திருந்தோம். "இனி எதையும் மறைக்காதீர்கள், நானும் மறைக்கமாட்டேன்" என்றான். இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் சொன்னதற்கும் இசைந்தான்.

அவன் வேலையில் சேர மேலும் மூன்று மாதங்கள் ஆயின. அந்நாள்களில் வாரந்தோறும் தொலைபேசியில் நல்லதும் கெட்டதும் பேசினோம். சில இரவுகள் உறக்கம் வரவில்லை என்பது உண்மையே. ஆனால் மகன் அயலானாகிவிட்டானோ என்னும் பழைய ஐயம் எங்களை விட்டு அகன்றது.

அன்புப் பெற்றோரே, பிள்ளைகள் தாங்கக்கூடிய சிறு துன்பங்களை அவ்வப்போதே அவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்களுடைய பட்டை நாம் நினைப்பதைவிடத் தடிப்பானது.