எவ்வளவு போதும்?

செம்பூரில் எங்கள் சிற்றில்லத்தில் பழைய மேசைக் கணினி ஒன்று உண்டு. மகள் கல்லூரிப் பாடம் எழுதுவதும், ஞாயிறுதோறும் நெல்லையிலுள்ள என் தாயாரின் முகம் காண்பதும் அதில்தான். அண்மையில் அது தள்ளாடலாயிற்று. அம்மா பேசிக்கொண்டிருக்கையில் படம் உறைந்து நின்றுவிடும்.

"16 ஜிபி ரேம் போட்டுவிடுங்கள், அப்பா" என்றாள் மகள். இருந்ததோ 4 ஜிபிதான்.

வாங்குமுன் தேவையை அளந்து பார்ப்போம் என்றேன். வழக்கமான வேலைகளை ஒருங்கே திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். தேவை ஏறத்தாழ 6 ஜிபி. நினைவகத்தில் கொள்ளாததை இயந்திரம் வட்டில் எழுதி எழுதி மீட்டது. தாமதம் அதனால் விளைந்ததே. ஆகவே 8 போதும்.

ரேம் பொருத்த இரண்டே இடங்கள். 16 ஆக்குவதாயின் பழையதைக் கழித்துவிட்டு, இரண்டு 8 ஜிபி வாங்க வேண்டும். 8 ஆக்கவோ, அதே வகையில் இன்னொரு 4 ஜிபி போதும். இணையாக இயங்குவதால் வேகமும் சற்றுக் கூடும். கிராண்ட் ரோடு அருகே லாமிங்டன் சாலைக்குச் சென்று வாங்கி வந்தோம்.

அன்பர்களே, உங்கள் கணினியின் இயங்குதளம் 32 பிட் ஆயின், 4 ஜிபிக்கு மேல் வாங்குவது பெரும்பாலும் வீண். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு அம்மாவின் முகம் உறையவில்லை. அதனால், "நேரில் எப்போதய்யா வருவாய்?" என்று அவர் கேட்டது முழுமையாகச் செவியில் விழுந்தது. மிஞ்சிய பணத்தை நெல்லைக்கு ரயில் சீட்டெடுக்க ஒதுக்கிவைத்தேன்.