முத்து நகரில் கோதுமையில்லாத பத்து நாட்கள்

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முத்து வரும், உப்பு வரும். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி. வருவார். சாப்பாட்டுப் பிரியர்களுக்கோ மக்ரூனும், இரவு நேரப் பரோட்டாக் கடைகளின் மணமும்தான் முதலில் வரும்! இப்படிப்பட்ட ஊருக்கு, கோதுமை ஒரு துளியும் கூடாத ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

டில்லியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோழி தூத்துக்குடிக்காரி. பனிமய மாதா திருவிழாவுக்கு அவள் தாய் வீடு புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். அவளுடைய ஒன்பது வயது மகளுக்குச் சீலியாக் நோய். சப்பாத்தி, பூரி, ரொட்டி, பிஸ்கட், ரவை, சேமியா எதுவும் ஆகாது. "டில்லியிலேயே சமாளிக்கிறோம், அம்மா வீட்டில் சமாளிக்க முடியாதா?" என்று தைரியமாகத்தான் சென்னையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினாள்.

கடலும் உப்பும்

ஊரைச் சுற்றிப் பார்க்கக் கண் கோடி வேண்டும். திருச்செந்தூர் சாலையில் போனால் உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று குவிந்த உப்பு, வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்கள். 1974-ல் இது பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

முத்துக் குளிப்பைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுப் போகாதீர்கள். பாண்டியர் காலத்துக் கொற்கை முதல் புகழ் பெற்றிருந்த அந்தத் தொழில், 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு நின்றுவிட்டது. பிறகு 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வூரில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். வேண்டாத துகள் உள்ளே புகுந்தால் சிப்பி அதைச் சுற்றிப் பூசிப் பூசி முத்தாக்கிவிடுகிறது. நம் பாப்பாவின் குடலுக்கு அந்த வித்தை தெரியவில்லை. அதற்கு வேண்டாத துகள் புகுந்தால் புண்தான்.

என்ன நோய் இது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர்களின் உடம்பு இதைக் கண்டதும், தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அப்புறம் குழந்தை என்ன சாப்பிட்டால் என்ன? உடம்பில் ஒட்டாது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, எடை ஏறாமை, உயரம் குறைவு, மருந்து கொடுத்தும் தீராத சோகை, வாய்ப்புண் என்று பல வேஷத்தில் வரும். பெரியவர்களுக்கு எலும்பு பலவீனம், கருத்தரிப்பதில் சிரமம்கூட வரலாம்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஓர் ஆச்சரியம்! 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, 1825-ல் ஆங்கிலேயரிடம் விட்டுப்போன டச்சுக்காரர்களின் நாட்டில்தான் இது தெளிவாயிற்று. வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரினால் ஹாலந்தில் கொடிய பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியால் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அவர் இதை ஆய்வாக எழுதினார். இன்றைக்கும் சிகிச்சை அதுதான். ஆயுள் முழுக்கக் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விடுவது. அதற்குப் பதிலாக மாத்திரையோ ஊசியோ கிடையாது.

நம் பக்கத்தில் ஏன் தெரிவதில்லை?

"எங்க ஊர்ல இப்படி ஒரு சீக்கைக் கேள்விப்பட்டதே இல்லையே!" என்றார் பாப்பாவின் அம்மாச்சி. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். இந்நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேர். தெற்கே 0.10தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு! வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை. தெற்கே 25 கிராம்.

இப்போது நம் வீடுகளிலும் காலையில் ரொட்டி, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி அல்லது பரோட்டா என்று ஆகிவருகிறதே! ஆகவே, "அது வடக்கத்தி நோய்" என்று தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் டி.டி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் எண்டாஸ்கோப்பி செய்து குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்று முக்கியம்: பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும்.

அம்மாச்சியின் சமையலறை

முதல் நாளே சோதனை வந்தது. பேத்தி வருகிறாள் என்று திருநெல்வேலி அல்வாவும், முதலூர் மஸ்கோத்தும் வாங்கி வைத்திருந்தார் அம்மாச்சி. ஒன்று கோதுமைப் பால், மற்றது மைதாப் பாலும் தேங்காய்ப் பாலும்.

"ஏ பிள்ள, ஒரே ஒரு வாய் தின்னா என்ன வந்துரப் போவுது? புள்ள முகம் வாடுதுல்லா!" என்று அவருக்கு மனத்தாங்கல்.

தோழி கோபிக்கவில்லை. "அம்மா, நீங்க வீட்டிலே அல்வா கிண்டும்போது ஊறின கோதுமையை ஆட்டிப் பால் பிழிவீங்களே, கடைசியிலே கையிலே ரப்பர் மாதிரி சவ்வாக ஒண்ணு நிற்குமே, அதுதான் இவளுக்கு விஷம். பாலிலேயும் அது கொஞ்சம் கலந்திருக்கும். தினம் 50 மில்லிகிராம் போதுமாம், குடல் கெட" என்றாள். அம்மாச்சி ஒரு நிமிஷம் பேசவில்லை. பரோட்டா மாவை விசிறும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அதுவும் இந்தச் சவ்வின் வேலைதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். அல்வாப் பொட்டலம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

அப்புறம் நடந்தது பெரிய வேட்டை! அம்மாச்சியின் சமையல் இடியாப்பம், ஆப்பம், புட்டு, மீன் குழம்பு, நண்டு மசாலா என்று எல்லாம் அரிசியும் கடலும்தான். பயமில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் கட்டிப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானத்தில் மைதா! ரசம், சாம்பார் எல்லாவற்றிலும் அது விழுகிறதே. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, அதை வாங்கினோம். கோதுமை அரைத்த கையோடு மில்காரர் அரிசியைப் போட்டால் மாவில் கோதுமை கலக்கும். ஆகவே அரிசியை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தோம். கோதுமை தோசை ஊற்றிய கல்லுக்குப் பதில் புதுக் கல், புதுச் சல்லடை, புது மரக் கரண்டி. பஜ்ஜிக்கு மைதா கலப்பவர்கள் உண்டு என்பதால், பலகாரம் பொரித்த எண்ணெயிலும் மீன் பொரிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு அம்மாச்சிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்துப் பனையோலையில் வைத்து ஓலைக் கொழுக்கட்டை அவித்தார். கம்பங்கூழ், கேப்பைக் களி, தினைப் பாயசம், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்று தினம் ஒன்று. "நாங்க சின்ன வயசுல தின்னதெல்லாம் புள்ளைக்கு ஒத்துக்கிடுதே!" என்று அவருக்கு ஒரே பெருமை.

மக்ரூன்

தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான் முக்கியம். மாவே இல்லை! பாப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் பேக்கரிக்காரர் நேர்மையான மனிதர். "மக்ரூன்ல மைதா கிடையாதும்மா. ஆனா அதே மேஜையிலதான் பன்னுக்கு மாவு பிசையறோம், அதே அடுப்புலதான் பிஸ்கட்டும் வேகுது" என்றார். அவர் கைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முந்திரி மட்டும் வாங்கி வந்து வீட்டிலேயே செய்தோம்.

நீங்களும் செய்து பாருங்கள். 4 முட்டையின் வெள்ளைக் கருவை ஈரமில்லாத பாத்திரத்தில், கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரைக்க அடியுங்கள். 200 கிராம் சர்க்கரைப் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடியுங்கள். எண்ணெய் கக்காமல் பொடித்த 200 கிராம் முந்திரியை மெதுவாகக் கலந்து, கூம்பு கூம்பாக வைத்து, அவனில் 110 டிகிரி மிதமான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர விடுங்கள். சர்க்கரையையும் வீட்டிலேயே பொடித்துக்கொள்வது நல்லது.

கோயிலில் ஒரு கேள்வி

பனிமய மாதா கோயில் 1713-ல் எழுந்தது. 1982-ல் பேராலயம் என்ற பெருமை பெற்றது. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. கடற்கரையே திரண்டு வருகிறது. இந்தச் சமயத்திலேயே பேத்திக்குப் புதுநன்மை கொடுத்துவிட வேண்டும் என்பது அம்மாச்சியின் நெடுநாள் ஆசை. ஆனால் நற்கருணை அப்பம் கோதுமையில்தானே செய்கிறார்கள்?

தங்கள் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். கோதுமையே இல்லாத அப்பம் செல்லாது என்பது திருச்சபை விதி. 2003-லும் 2017-லும் ரோமாபுரி இதை எழுத்தில் உறுதி செய்திருக்கிறது. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கும், திராட்சை இரசம் மட்டும் அருந்துவதற்கும் அனுமதி உண்டு. தோழி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். அதிலும் ஒரு கவனம் தேவை. பூசையின்போது குருவானவர் தம் கிண்ணத்தில் அப்பத் துணுக்கு ஒன்றைப் போடுவார். ஆகவே பாப்பாவுக்கென்று தனிக் கிண்ணம் வைத்தார்கள். வெள்ளை உடுப்பில் அவள் ஒரு மிடறு அருந்திவிட்டுத் திரும்பியபோது, "என் பேத்திக்கு ஒண்ணும் குறையல" என்று அம்மாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் புறப்படும்போது

இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால் சிலவற்றை மனத்தில் வையுங்கள். ஓட்டலில், "இதில் கோதுமை உண்டா?" என்பதோடு, "எந்தக் கல்லில் சுடுகிறீர்கள், எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். பார்லிக் கஞ்சி, மால்ட் சேர்ந்த பானப் பொடி, சத்துமாவு, சோயா சாஸ் இவற்றில் ஆகாத தானியம் ஒளிந்திருக்கலாம். பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லை' என்று போட நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அந்த எழுத்தைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். தோசைக் கல்லும் பெருங்காயமும் பெட்டியில் தனியாக இருக்கட்டும்.

விருந்தாளியாக அப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்தால், "ஒரு வாய்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். கை கழுவி, புதுக் கரண்டி எடுத்து, இரண்டு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வைத்துப் பாருங்கள். அந்தத் தாய் உங்களை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.