மான் அறுக்கும் புல்... கடல்பசு பிடுங்கும் புல்!

நெல்லையிலிருந்து மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் கங்கைகொண்டான் வந்துவிட்டால், ஜன்னலோர இருக்கைக்காரர்களின் கண்கள் மானைத் தேட ஆரம்பித்துவிடும். சுமார் 288 ஹெக்டேரில் பரவியிருக்கும் இந்தப் புதர்க்காடு, 2013-ல் புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

புள்ளிமானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களையும் மேல் ஈறையும் சேர்த்துப் புல்லைப் பிடித்து, வெடுக்கென்று அறுக்கும். வேர் மண்ணிலேயே தங்கிவிடுவதால், அடுத்த மழைக்கு அது மறுபடி துளிர்க்கும்.

இங்கிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி, ஆழம் குறைந்த கடலுக்கு அடியிலும் புல்வெளிகள் இருக்கின்றன. இவை பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள நிஜத் தாவரங்கள். இவற்றை மேய்வதுதான் மீனவர்கள் 'ஆவுளியா' என்று அழைக்கும் கடல்பசு.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஆறுகளில் வாழும் மனாட்டி இதன் உறவுக்கார விலங்கு. இரண்டாகப் பிளந்த மேலுதட்டாலும், அதிலுள்ள விறைப்பான முடிகளாலும், கை விரல்கள்போல செடிகளைப் பற்றி வாய்க்குள் தள்ளும். முன்துடுப்புகளாலும் செடியை வாய்க்கு அருகே கொண்டுவரும். மிதக்கும் செடி, கரையோரச் செடி என எதையும் விடாது. தேய்ந்த கடைவாய்ப் பற்கள் முன்பக்கம் விழ, பின்னாலிருந்து புதுப்பற்கள் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

நம் ஆவுளியாவுக்கு அந்த வசதி இல்லை. அதன் முகம் கீழ்நோக்கி வளைந்திருப்பதால், தரையில் முளைப்பதுதான் பிரதான உணவு. வேரோடு பிடுங்கித் தின்னும். அது மேய்ந்த தடம், ஏர் உழுத சால் போல மணலில் கோடாகத் தெரியும். ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் வேண்டும். இழுவலையோ நங்கூரமோ புல்தரையைக் கிழித்துவிட்டால், அது பட்டினிதான்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மூச்சுவிட சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும் இனத்துக்கு ஒவ்வோர் இழப்பும் பெரிது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக் விரிகுடாவில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. சிக்கிய கடல்பசுவை உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசும் வழங்குகிறது. வலையை அறுத்தால் அன்றைய பிழைப்பும் போய்விடும்; தெரிந்தேதான் அறுக்கிறார்கள். ஆவுளியா இன்னும் நம் கடலில் மேய்வதற்கு அவர்களும் ஒரு காரணம்.