சாலையில் நடந்த விவாதம்

2021 டிசம்பர் 11. டெல்லியின் வாசலில் சிங்கு எல்லை. ஸ்ரீநகரில் தொடங்கி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஓராண்டுக்கு மேல் போராடும் விவசாயிகளின் ஊராக இருந்த அந்தச் சாலை இன்று கலைகிறது.

மூங்கில் கட்டுகளை அவிழ்க்கிறார்கள். தகரத் தகடுகள் ட்ராலியில் ஏறுகின்றன. ஒரு பெரியவர் தார்ப்பாயை மடிக்கிறார். மறுமுனையைப் பேரன் வயதுப் பையன் பிடித்திருக்கிறான். துடைப்பத்தோடு சிலர் சாலையைப் பெருக்குகிறார்கள். மாலை சூட்டிய டிராக்டர்கள் பஞ்சாப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன.

முந்தைய ஆண்டு நவம்பர் கடைசியில் இவர்களை எதிர்கொண்டவை தண்ணீர்ப் பீரங்கியும் கண்ணீர்ப்புகையும். பிறகு சாலையில் கான்கிரீட் தடுப்புகள் எழுந்தன, ஆணிகள் முளைத்தன. டெல்லியின் மற்றோர் எல்லையான காஸிப்பூரில் ஆணிகள் அடித்த இடத்தருகே விவசாயிகள் மண் கொட்டிப் பூச்செடி நட்டார்கள்.

அவர்கள் எதிர்த்தது மூன்று வேளாண் சட்டங்களை. அவற்றில் ஒன்று, மண்டி எனும் ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே நடக்கும் வணிகத்துக்கு மாநில அரசு கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றது. விவசாயி தடையின்றி விற்கலாம் என்றது அரசு. கட்டணமில்லாத இடத்துக்கு வியாபாரம் நகர்ந்தால் மண்டி வாடும், மண்டி வாடினால் குறைந்தபட்ச ஆதரவு விலைக் கொள்முதலும் வாடும் என்றார் விவசாயி. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய கேள்வி இது. ட்ராலிகளில் இரவு பகலாக அதைத்தான் பேசினார்கள். அதற்கென ‘ட்ராலி டைம்ஸ்’ என்று ஒரு பத்திரிகையே நடத்தினார்கள்.

அரசோடு பதினொரு சுற்றுப் பேச்சும் நடந்தது. 2020 டிசம்பர் 3 அன்று அரசு வைத்த மதிய உணவை மறுத்து, கொண்டுவந்த ரொட்டியைப் பகிர்ந்து உண்டார்கள். இரண்டு நாள் கழித்து, சட்டம் ரத்தா, ஆமாவா இல்லையா என்று கேட்கும் அட்டைகளைக் கையில் பிடித்து மௌனமாக அமர்ந்தார்கள்.

நாடாளுமன்றத்தைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 20: மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வாக்கெடுப்புக் கேட்கின்றன. அமளிக்கு நடுவே குரல் வாக்கில் அந்த மூன்றில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறுகின்றன. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். 2021 நவம்பர் 29: சில நாள் முன்பு குருநானக் ஜயந்தியன்று பிரதமர் அறிவித்தபடி ரத்து மசோதா வருகிறது. விவாதம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் குரல் எழுப்புகின்றன. மக்களவையில் சில நிமிடங்களில் குரல் வாக்கில் முடிகிறது. மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே சிறிது நேரம் பேசுகிறார். அன்றே அங்கும் முடிகிறது.

கொண்டுவந்தபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. எங்கே தவறியது, யாரைக் கேட்காமல் விட்டோம் என்று அவைக் குறிப்பில் பதியவே இல்லை. போராட்டத்தில் சுமார் 700 பேர் இறந்தார்கள் என்கின்றன விவசாயச் சங்கங்கள். அப்படியொரு கணக்கு தன்னிடம் இல்லை என்று வேளாண் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. குளிரிலும் நோயிலும் மடிந்த அந்த மனிதர்களுக்கு ஒரு நிமிட அஞ்சலியாவது நடக்காத அந்த விவாதம் தந்திருக்கும்.

டிராக்டர்கள் நகர்கின்றன. வண்டிக்கு வண்டி கையசைக்கிறார்கள், கட்டித் தழுவுகிறார்கள், சிலர் அழுகிறார்கள்.

சட்டத்தை ரத்து செய்வது அரசுக்கு இழுக்கல்ல. ஆனால் பேசாமல் ரத்து செய்த சட்டத்தின் கேள்வி சாலையிலேயே தங்கிவிடும். ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு 2024 பிப்ரவரியில் பஞ்சாப் விவசாயிகள் மறுபடி டெல்லிக்குப் புறப்பட்டார்கள். பஞ்சாப்-ஹரியானா இடையிலான ஷம்பு எல்லையில் அவர்களைத் தடுப்புகள் நிறுத்தின.