பற்றுக் கொப்பியும் கேஷ் பேக்கும்

தம்பி கொழும்பில் வேலை செய்கிறான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வந்தவன், கையிலுள்ள கடனட்டையை அதே வங்கியின் கேஷ் பேக் அட்டையாக மாற்றலாமா என்று என்னிடம் கேட்டான். "காக்கா, பொயின்ட்ஸைச் சேத்து வெச்சி என்னத்துக்கு? காசாவே திரும்பி வந்தா நல்லந்தானே?" என்றான். நியாயமான கேள்வி. அவன் கேட்டு முடிக்குமுன்னே என் மனம் வாப்பா பற்று வைத்திருந்த பலசரக்குக் கடைக்குப் போய்விட்டது.

கிண்ணியாப் பக்கத்து எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியில் அப்போது அநேகமான வீடுகளுக்கு ஒரு கடைப் பற்று இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் மொத்தமான சி.ஆர். கொப்பி. ஓரங்கள் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். வீட்டுக்கு ஒரு பக்கம். சீனி, தேயிலை, பருப்பு, மண்ணெண்ணெய் என்று கடைக்கார மாமா நீலப் பேனையால் எழுதுவார். நாங்கள் எட்டிப் பார்த்தால் கொப்பியைத் திருப்பிக் காட்டுவார், மறைக்க மாட்டார். பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் விற்ற கையோடு வாப்பா போய்க் கணக்கைத் தீர்ப்பார். மாமா அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறைய டொபியும் பேரீச்சம்பழமும் தருவார். அந்தப் பைக்காகவே வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவோம்.

உம்மாவுக்கு மட்டும் அந்தப் பையில் பெரிய சந்தோசம் இருந்ததில்லை. பற்றுக்கு வாங்கும் வீட்டுக்குச் சீனி விலை கொஞ்சம் கூட விழும் என்பது அவவுக்குத் தெரியும். "அது நம்மட சீனிக் காசுதான் மகன்," என்பா. மாமாவில் அவவுக்குக் கோபமில்லை. ஆறு மாதம் பொறுத்திருக்கும் மனிதருக்கு அந்தக் காசு போகத்தான் வேண்டும் என்றும் சொல்வா.

கேஷ் பேக்கும் அந்தப் பையைப் போலத்தான். அந்த அட்டையை உலகம் பெரிதாக அறிந்தது 1986இல், அமெரிக்காவில் டிஸ்கவர் அட்டை வந்தபோது. வாங்கிய தொகையில் ஒரு பங்கை வருட முடிவில் திருப்பிக் கொடுத்தார்கள். வங்கி அதைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. அட்டை இழுபடும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடமிருந்து ஒரு கழிவு பிடிக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதிதான் வாடிக்கையாளருக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அந்தக் கழிவில் அட்டை வழங்கிய வங்கிக்குப் போகும் பங்கை, கடனட்டைக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. அதோடு அங்கே இப்படிப்பட்ட சலுகைகளும் மெலிந்தன. கழிவைக் கொடுக்கும் கடைக்காரர் அதைச் சாமான் விலையில் சேர்க்கிறார். அந்த விலையைத்தான் கைக்காசு கொடுத்து வாங்குகிறவரும் கொடுக்கிறார். அட்டையே இல்லாத உம்மாவின் சீனிக் காசும் இப்படி இன்னொருவரின் கேஷ் பேக்கில் போய்ச் சேர்கிறது. எனக்கு இதில்தான் மனம் ஒப்பவில்லை.

நம் நாட்டில் சில கடைகள் அட்டையை நீட்டினால் இரண்டரை, மூன்று சதவீதம் மேலதிகமாகக் கேட்கின்றன. அப்படிக் கேட்கக்கூடாது, கேட்டால் முறையிடுங்கள் என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. விதி அட்டைக்காரரின் பக்கம்தான். ஆனாலும் சின்னக் கடை வைத்திருப்பவரின் நெருக்கடியும் எனக்கு விளங்குகிறது.

தம்பி அட்டையை இழுக்கும் இடங்கள் எல்லாம் இந்த ஊருக்கு வெளியேதான். ஊருக்கு வந்தாலும் சூப்பர் மார்க்கெட்டுக்குத் திருகோணமலை நகரத்துக்குத்தான் போவான். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, நகரத்துக்குப் போவதென்றால் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் வெயிலில் காத்து நிற்கவேண்டும். பெருநாள் உடுப்பு வாங்கப் போய், பொழுதுபட்டு வந்திறங்கியது நினைவிருக்கிறது. பெரிய பாலம் வந்த பிறகும் எங்கள் ஊருக்குத் தண்ணீர்த் துன்பம் தீரவில்லை. குறிஞ்சாக்கேணிப் பால வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலை, ஆட்களை ஏற்றிப்போன இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை அந்தத் தண்ணீர் கொண்டுபோனது. ஊரின் பெயரை நாடு முழுக்கச் சொன்னது அன்றைக்குத்தான். அந்தக் காலையைத் தொடாமல் இந்த ஊரைப் பற்றி என்னால் எதுவும் எழுத முடியாது. கேஷ் பேக்கைப் பற்றியும்தான்.

தம்பியின் கேள்விக்கு வருவோம். அவனுடைய கடனட்டைக் கூற்றுகளை மேசையில் விரித்தோம். எந்தச் செலவு எந்த வகை என்று பேனையால் வட்டமிட்டோம். வங்கியின் நிபந்தனைத் தாளில் பெற்றோலுக்கும் மின்சார, தண்ணீர்க் கட்டணங்களுக்கும் கேஷ் பேக் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அவனுடைய செலவில் பாதிக்கு மேல் அவைதான். சூப்பர் மார்க்கெட்டுக்கு நல்ல வீதம், ஆனால் மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு. சேர்த்த பொயின்ட்ஸ் மாற்றத்தோடு அழிந்துபோகும் என்று கிளையில் சொல்லியிருக்கிறார்கள். புதிய இலக்கம் வந்தால் தொலைபேசிக் கட்டணத்துக்கும் காப்புறுதிக்கும் கொடுத்த நிலையான கட்டளைகளை மறுபடியும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

பிறகு வட்டியைப் பார்த்தோம். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு வருடம் 28 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த வீதத்தில் 60,000 ரூபாய் ஒரு மாதம் கட்டாமல் கிடந்தால் வட்டி 1,400. அதே 60,000க்கு ஒரு சதவீதக் கேஷ் பேக் 600. ஒரு மாதம் தவறினால் வட்டி இரண்டு மாதக் கேஷ் பேக்குக்கு மேலே போய்விடுகிறது. கொப்பிக் கடன் ஆறு மாதம் கிடந்தாலும் சீனி விலையோடு நின்றது. இந்தக் கடன் நிற்காது.

உம்மா உள்ளேயிருந்து, "வட்டியில கையெழுத்து வெச்சிட்டு வட்டி கட்டலண்டு சொல்றதா?" என்று கேட்டா. அவவின் கேள்விக்குப் பின்னால் பெரிய ஆதாரமே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கடைக்காரரிடம் எடுக்கும் கழிவை அனுமதித்தது. வட்டி நிபந்தனையோடு வரும் அட்டையை, தவணைக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றது. தம்பி பதில் சொல்லவில்லை. நானும் அவனை நெருக்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: தம்பியின் செலவுக்கு அந்தக் கேஷ் பேக் அட்டை பொருந்தாது. சூப்பர் மார்க்கெட்டிலேயே மாதச் சாமான் முழுவதையும் வாங்கி, ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் கட்டுகிற வீட்டுக்கு, மார்க்கத் தடை இல்லையென்றால், பொருந்தலாம்.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் கடைசி மூன்று மாதக் கூற்றுகளை முதலில் எடுத்துப் பாருங்கள். தவணைக் கொடுப்பனவு ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் முடித்துவிடுங்கள். பொயின்ட்ஸைச் செலவழித்துவிடுங்கள். பழைய கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். சின்னதொரு நிலுவை கிடந்தாலும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அதிகாரி திறந்து பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.